ஒரு பாட்டு, பல தட்டுகள்: ஆவடித் தடத்தில் ஒரு ஸ்விங் ஒலிப்பதிவு

‘இன் த மூட்’ என்று கேட்டால் கிடைக்கும் ஒலிப்பதிவுகளுக்குப் பஞ்சமில்லை. தேடுபவருக்குத் தலைவலியே அதுதான். அமெரிக்காவில் கிளென் மில்லர் குழு 1939இல் பதிவு செய்தது. பிரிட்டனில் ஜோ லாஸ் குழு அதைத் தன் அடையாளப் பாட்டாகவே ஆக்கிக்கொண்டது. மில்லர் மறைந்தபின் அவர் பெயரைத் தாங்கி வந்த குழுக்கள் நீள்தட்டுகளுக்காக மறுபடியும் வாசித்தன. ஆண்ட்ரூஸ் சகோதரிகளும் பின்னாளில் பெட் மிட்லரும் சொற்களோடு பாடினார்கள். 1989இல் ஜைவ் பன்னி என்ற பெயரில் மில்லரின் பதிவையே வெட்டி ஒட்டி ஒரு நடனக் கலவை வந்து சக்கைப்போடு போட்டது. அம்பத்தூரிலோ பட்டாபிராமிலோ ஒரு வீட்டுப் பரணில் உறை கிழிந்த 78 சுழற்சித் தட்டு அகப்பட்டு, தாத்தா கேட்டது இவற்றில் எது என்று பேரன் கேட்டால், தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்லிவிட முடியாது. ஒலிப்பதிவின் முகவரி தட்டின் அரக்கில் பொறித்த எண்ணில் இருக்கிறது.

ஸ்விங் என்பது 1930களின் நடுவிலிருந்து சுமார் பத்தாண்டுக் காலம் அமெரிக்க நடனக்கூடங்களை ஆண்ட இசை. டிரம்பெட், டிராம்போன் ஒருபுறம், சாக்ஸஃபோன் அணி இன்னொரு புறம், பின்னால் பியானோ, கிட்டார், பாஸ், டிரம்ஸ் என்று பதினைந்து பேர் வரை எழுதி வைத்த ஏற்பாட்டின்படி வாசிப்பார்கள். நடுவே ஓரிருவருக்குத் தனி வாசிப்பு. ஒரே மெட்டை ஒவ்வொரு குழுவும் தனக்கென ஏற்பாடு செய்துகொள்வது வழக்கம். ஆகவே இந்த இசையில் இசையமைப்பாளர் பெயரைவிடக் குழுவின் பெயரும், பதிவான நாளும், யார் தனியாக வாசித்தார் என்பதுமே பெரிதாகப் பேசப்படும். கர்நாடக இசை ரசிகருக்கு இது புதிதாகத் தோன்றாது. ஒரே கீர்த்தனை, வெவ்வேறு வித்வான், வெவ்வேறு கச்சேரி என்று நாள் குறித்துப் பேசுகிற பழக்கம் சபாக்களில் இன்றும் உண்டு.

‘இன் த மூட்’டின் பரம்பரையே சிக்கலானது. அதன் உயிரான ஏறியிறங்கும் சிறு சுரக்கோவை 1930இல் ஜாஸ் கலைஞர் விங்கி மனோன் பதிவு செய்த ‘டார் பேப்பர் ஸ்டாம்ப்’ தட்டில் இருக்கிறது. அந்தத் தட்டில் அவர் பெயரைத் தேடினால் கிடைக்காது. ‘பார்பிக்யூ ஜோவும் அவரது ஹாட் டாக்ஸும்’ என்ற புனைபெயரில் வெளிவந்தது. 1931இல் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் குழுவின் ‘ஹாட் அண்ட் ஆங்ஷியஸ்’ அதே கோவையை எடுத்தாண்டது. பின்னர் சாக்ஸஃபோன் கலைஞர் ஜோ கார்லண்ட் அதைத் தன் பெயரில் முழு ஏற்பாடாக எழுதினார். அவர் வாசித்துக்கொண்டிருந்த எட்கர் ஹேஸ் குழு 1938இல் டெக்கா நிறுவனத்துக்காக அதைப் பதிவு செய்தது. கார்லண்ட் அதை இன்னொரு குழுத்தலைவரான ஆர்ட்டி ஷாவிடமும் கொடுத்தார். ஷா வானொலியில் வாசித்தார், ஆனால் தட்டில் போடவில்லை. அவரிடம் இருந்த வடிவம் ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடியது. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கமோ மூன்று நிமிடச் சொச்சம்தான் தாங்கும். மில்லர் அதை வாங்கிக் கத்தரித்தார். 1939 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் பதிவாகி, ப்ளூபேர்ட் முத்திரையில் பி-10416 என்ற எண்ணில் வெளிவந்தது. உலகம் அறிந்தது இந்தத் தட்டைத்தான். சொந்தக்காரர் யார் என்ற வழக்கில் மனோனுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. அந்த நினைப்பில் பிழை காண்பது கடினம்.

மேலே சொன்ன பி-10416 விற்பனை எண். கடைக்காரருக்கும் பட்டியலுக்கும் அது போதும். தேடுபவருக்கு வேண்டியது மேட்ரிக்ஸ் எண்: பதிவுக்கூடத்தில் மெழுகில் வெட்டும்போதே ஒவ்வொரு பதிவுக்கும் கொடுக்கப்பட்ட தொடர் எண். மில்லரின் இந்தப் பதிவுக்கு அது பி.எஸ். 038170-1. முன்னால் உள்ள ‘பி’ பத்தங்குலத் தட்டைக் குறிக்கும். கோட்டுக்குப் பின்னால் உள்ள 1, அன்றைக்கு வாசித்த முதல் முறையைக் குறிக்கும். அதே மெட்டை அதே நாளில் இரண்டாம் முறை வாசித்து அதுவும் வெளிவந்திருந்தால் கடைசி எண் 2 என்று மாறும். பெயர், குழு, நிறுவனம், தேதி எல்லாம் ஒன்றாக இருந்தும் ஒலிப்பதிவு வேறாக இருக்க வாய்ப்பு அந்த ஒற்றை இலக்கத்தில்தான். தேடுபவர்கள் பலர் கோட்டை விடுவதும் அங்கேதான்.

இந்த எண்ணைப் படிப்பதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். தட்டின் நடுவே ஒட்டிய வட்டக் காகிதத்துக்கும் பாட்டு முடியும் கடைசி வரிப்பள்ளத்துக்கும் இடையில் ஒரு விரற்கடை அகலத்துக்கு வழுவழுப்பான வளையம் இருக்கும். அதில்தான் எண் பொறிக்கப்பட்டிருக்கும். மேலே இருந்து விளக்குப் போட்டால் ஒன்றும் தெரியாது. தட்டைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து மெல்லச் சுழற்றினால் எழுத்துகள் நிழலோடு எழுந்து நிற்கும். அழுக்கு ஏறியிருந்தால் துடைக்க வேண்டும். ஸ்பிரிட்டைத் தொடக்கூடாது; 78 தட்டின் மேற்பரப்பு அரக்கு, ஸ்பிரிட்டில் அது கரைந்துவிடும். நல்ல தண்ணீரில் துளி சோப்புக் கலந்து, காகிதம் நனையாமல் துடைத்தால் போதும். ஓட்டிக் கேட்பதற்கும் நீள்தட்டு ஊசி உதவாது. 78இன் பள்ளம் அகலமானது, சுமார் 0.003 அங்குல முனை உள்ள ஊசி வேண்டும். மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியில் இறங்கி, அங்கே எண்பதாண்டாகச் சேர்ந்த தூசியைத்தான் பாடும்.

காதால் உறுதிசெய்வதற்கும் வழி உண்டு. மில்லரின் 1939 பதிவில் டெக்ஸ் பெனக்கி, அல் கிளிங்க் என்ற இரண்டு டெனர் சாக்ஸஃபோன் கலைஞர்கள் சொல்லுக்குச் சொல் மாறி மாறி வாசிப்பார்கள். அதன்பின் கிளைட் ஹர்லியின் டிரம்பெட். கடைசியில் அந்தச் சுரக்கோவை ஒவ்வொரு முறையும் தணிந்து தணிந்து வந்து, முடிந்துவிட்டது என்று கேட்பவர் நினைக்கும்போது குழு முழுவதும் உரக்க எழுந்து முடிக்கும். இதே குழு 1939 அக்டோபர் 6 அன்று கார்னகி அரங்கில் வாசித்தபோதும் வரிசை இதுதான்; ஆனால் அங்கே கைதட்டல் கேட்கும், வேகமும் தனி வாசிப்புகளும் வேறு. 1941இல் வந்த ‘சன் வேலி செரனேட்’ படத்தில் இந்தப் பாட்டைத் திரைக்கென்று தனியாகப் பதிவு செய்தார்கள். படத்துக்கும் தட்டுக்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு அதே படத்தின் ‘சட்டனூகா சூ சூ’ நல்ல சான்று. தட்டில் மூன்று நிமிடத்துக்கும் கொஞ்சம் கூட; படத்தில் டோரதி டாண்ட்ரிஜும் நிக்கலஸ் சகோதரர்களும் ஆடும் பகுதியோடு சேர்ந்து அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். படம் பார்த்து மயங்கியவர் தட்டை வாங்கி ஏமாந்திருப்பார்.

வேகம் இன்னொரு பொறி. 78 என்பது பெயரளவு. மின்னோட்டம் 60 சுழற்சியாக உள்ள அமெரிக்காவில் சரியான வேகம் 78.26, நம் நாட்டைப் போல 50 சுழற்சி உள்ள இடங்களில் 77.92. இந்த வேறுபாடு காதுக்குத் தெரியாது. சாவி கொடுத்து ஓட்டும் பழைய பெட்டியில் வில் தளர்ந்தால் மட்டும் கதை வேறு: ஆறு விழுக்காடு வேகம் குறைந்தால் சுருதி அரைக்கட்டை இறங்கிவிடும். மில்லரின் பதிவு ‘ஏ ஃப்ளாட்’ சுருதியில் உள்ளது. தட்டு ‘ஜி’யில் பேசினால், வேறொரு குழுவின் பதிவு கிடைத்துவிட்டது என்று குதிப்பதற்கு முன் வேகத்தைச் சரிபார்ப்பது நல்லது.

இந்த இசை மேற்குச் சென்னைக்கு வந்த வழியில் ஒரு வேடிக்கை உண்டு. தட்டுக்கு மூலப்பொருளான அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்து, முக்கியமாகச் சோட்டா நாக்பூர்க் காடுகளிலிருந்து போனது. போர் மூண்டு கப்பல் வழி சிக்கலானதும் அமெரிக்க அரசு 1942இல் தட்டுத் தொழிலுக்கான அரக்கைக் கடுமையாக வெட்டியது. பழைய தட்டுகளைத் திரட்டி உருக்கிப் புதிய தட்டு அழுத்தினார்கள். இந்தியாவிலோ அரக்குக்குக் குறைவில்லை. கிராமபோன் கம்பெனி 1908இல் கல்கத்தாவின் சியால்தாவில் தொடங்கிய ஆலை, 1928இல் டம்டமுக்கு மாறியிருந்தது. வெளிநாட்டுப் பதிவுகளின் உலோக அச்சுகள் கப்பலில் வரும். டம்டமில் உள்ளூர் அரக்குக் கலவையில் தட்டு அழுத்தி, காகிதத்தை இங்கேயே அச்சடித்து ஒட்டுவார்கள். ஆகவே காகிதத்தில் எழுத்துப்பிழை, பெயர் மாற்றம் வர இடமுண்டு. உலோக அச்சில் வந்த எண் மட்டும் முன்னெழுத்து மாறினாலும் இலக்கம் மாறாமல் வந்து சேரும். காகிதமும் அரக்கும் முரண்பட்டால் அரக்கை நம்புவதே முறை.

1931இல் கிராமபோன் கம்பெனியும் கொலம்பியாவும் இணைந்து ஈ.எம்.ஐ. ஆனபின் எச்.எம்.வி., கொலம்பியா, ஓடியன் என்று முத்திரைகள் பல இருந்தாலும் வீடு ஒன்றுதான். சென்னையில் ஏவி. மெய்யப்பன் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் தட்டுகளுக்குப் பெயர்பெற்றது. மில்லரின் ப்ளூபேர்ட் பதிவுகள் பிரிட்டனிலும் அதன் பேரரசிலும் எச்.எம்.வி. முத்திரையில் வந்தன. ஜோ லாஸும் அதே ஈ.எம்.ஐ. குடும்பத்தைச் சேர்ந்தவர். எனவே ஒரே பாட்டு, ஒரே குடும்பத்து முத்திரை, இரண்டு குழுக்கள் என்ற குழப்பம் இந்தியத் தட்டுகளில் இயல்பாகவே வரும். 78 தட்டுகள் இங்கே நெடுநாள் பிழைத்தன என்பதையும் மறக்கக்கூடாது. மேலை நாடுகள் கைவிட்ட பிறகும் டம்டம் ஆலை அழுத்திக்கொண்டிருந்தது. பீட்டில்ஸ் பாட்டுகள்கூட இந்தியாவில் 78இல் வந்தன. ஆக, முத்திரையின் வடிவத்தை மட்டும் பார்த்து, போருக்கு முந்திய தட்டு என்று முடிவுகட்ட முடியாது.

ஆவடித் தடத்தில் இதைக் கேட்டவர்கள் யார்? பூந்தமல்லியில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியப் படைவீரர் பாசறை இருந்தது. அது ஸ்விங்குக்கு நெடுங்காலம் முந்திய கதை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான் ஆவடி பெரிய படைத்தளமாகவும் கிடங்காகவும் ஆனது. புறநகர் ரயிலில் போகிறவர்கள் இன்றும் பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் என்ற நிலையப் பெயரில் அந்தக் காலத்தைத் தாண்டிப் போகிறார்கள். படைமுகாம் இருந்த இடத்தில் பெட்டிக் கிராமபோனும் நடனத் தட்டுகளும் இருந்தது வியப்பில்லை. 1955 ஜனவரியில் சோஷலிச பாணி சமுதாயம் என்று காங்கிரஸ் தீர்மானம் போட்டதும் இதே ஆவடியில்தான். அதற்குள் வெள்ளைச் சிப்பாய்கள் போய்விட்டிருந்தார்கள்.

ஆனால் ஸ்விங்கை உயிரோடு வைத்திருந்தவர்கள் சிப்பாய்களைவிட ரயில்வே ஆங்கிலோ இந்தியர்கள்தாம். பெரம்பூர் ஒர்க்‌ஷாப், அயனாவரம், வில்லிவாக்கம் என்று அம்பத்தூருக்குக் கிழக்கே அடுத்தடுத்து நீளும் ரயில்வே குடியிருப்புகளில் அவர்கள் திரளாக வாழ்ந்தார்கள். ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு நடனம் என்றால் குழுவே நேரில் வாசிக்கும், வீட்டில் கிராமபோன். ‘இன்ஸ்டிடியூட்டில் கேட்டேன்’ என்று ஒரு முதியவர் சொன்னால், அது தட்டா, நேரடி வாசிப்பா என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். நேரடியாக வாசித்த உள்ளூர்க் குழுவின் வாசிப்பு எந்தத் தட்டிலும் இருக்காது. அதைத் தேடுவது வீண்வேலை. சுதந்திரத்துக்குப் பின் இந்தக் குடும்பங்களில் பல இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போயின. தட்டுகள் கனம், உடையக்கூடியவை; கப்பலில் ஏற்றுவதைவிட விற்றுவிடுவது எளிது.

விற்ற தட்டுகள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்த இடம் மூர் மார்க்கெட். சென்ட்ரலை ஒட்டிய அந்தச் சிவப்புக் கட்டடத்தில் பழைய புத்தகமும் பழைய தட்டும் குவிந்து கிடக்கும்; ஆவடி, அம்பத்தூர் ரயில்களில் வந்து இறங்குபவர்களுக்கு நடக்கும் தூரம். 1985 மே 30 அன்று அது எரிந்தது. அரக்கும் காகிதமும் தீக்கு எளிய இரை. அந்த இடத்தில் எழுந்ததுதான் இன்று ஆவடி, அரக்கோணம் வண்டிகள் புறப்படும் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் நிலையம். சென்னையில் ஸ்விங் தட்டு தேடுபவர்கள் அந்தத் தீயை ஒரு எல்லைக்கோடாகவே கொள்ளலாம்: அதற்கு முன் வீட்டுக்குப் போனவை தப்பின.

எல்லா நினைவும் தட்டிலிருந்து வந்ததாகவும் கொள்ள முடியாது. போர்க் காலத்தில் தென்கிழக்காசியப் படைகளுக்காகக் கொழும்பிலிருந்து இயங்கிய ரேடியோ சியாக் 1949இல் ரேடியோ சிலோன் ஆயிற்று. அதன் மேற்கத்திய இசை தமிழ்நாட்டு வீடுகளில் தெளிவாகக் கேட்டது. 1952இல் ஒலிபரப்பு அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டை ஓரங்கட்டியபின், 1957இல் விவித் பாரதி வரும்வரை, தமிழர் காது கொழும்பின் பக்கமே திரும்பியிருந்தது. வானொலியில் கேட்டதென்றால், எந்தத் தட்டு சுழன்றது என்பதைக் கேட்டவர் நினைவைவிட அந்த நிலையத்தின் தட்டுப் பட்டியலில் தேடுவதே பொருத்தம். அமெரிக்கப் படை தன் வீரர்களுக்கு மட்டும் 1943 முதல் 1949 வரை அழுத்திய வி-டிஸ்க் தட்டுகள் வேறொரு வகை. பன்னிரண்டு அங்குலம், அரக்குக்குப் பதில் வினைல், ஒரு பக்கத்துக்கு ஆறு நிமிடம் வரை. அமெரிக்கர்கள் பெருவாரியாக இருந்தது கல்கத்தா, அசாம் பக்கம். சென்னையில் இவை அகப்பட்டால் அபூர்வம். திட்டம் முடிந்ததும் மூல அச்சுகளை அழித்தார்கள். எனவே வினைலாக வளைந்துகொடுக்கும் பன்னிரண்டங்குல 78 எதுவும் கைக்கு வந்தால் எஃகு ஊசியை அதன்மேல் வைக்காமல் இருப்பது முதல் கடமை.

இந்தியாவிலேயே பதிவான ஸ்விங் என்று வரும்போது தேடல் இன்னும் கடினமாகிறது, சுவையும் கூடுகிறது. கறுப்பின அமெரிக்கப் பியானோக் கலைஞர் டெடி வெதர்ஃபோர்ட் 1903இல் பிறந்தவர். 1920களில் ஆசியாவுக்கு வந்து ஷாங்காய், பம்பாய், கொழும்பு என்று சுற்றி, போர்க் காலத்தில் கல்கத்தாவின் கிராண்ட் ஹோட்டலில் நிலைகொண்டார். இந்தியக் கொலம்பியாவுக்காக அவர் குழு அமெரிக்காவின் அப்போதைய வெற்றிப் பாட்டுகளைத் தொடர்ந்து பதிவு செய்தது. 1942 ஆகஸ்ட் முதல் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் பதிவுத் தடை போட்டு, பெரிய நிறுவனங்கள் இரண்டு 1944 நவம்பரில்தான் பணிந்தன. அமெரிக்கக் குழுக்கள் பல தட்டுப் போட முடியாத அந்த இரண்டாண்டு இடைவெளியில் கல்கத்தா பதிவுக்கூடம் இயங்கிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டின் ‘அசல்’ அமெரிக்கத் தட்டு கிடைக்கவில்லை என்றால், அப்படியொன்று பதிவாகாமலே போயிருக்கலாம். இந்தியத் தட்டே முந்தியதாகவும் இருக்கலாம். வெதர்ஃபோர்ட் 1945 ஏப்ரல் 25 அன்று காலராவில் இறந்தார். 1937இல் பாரிஸில் அவர் தனியாக வாசித்த பியானோப் பதிவுகள் மறுபதிப்புகளில் எளிதில் கேட்கக் கிடைக்கின்றன. கல்கத்தாத் தட்டுகள் டம்டமில் மட்டும் அழுத்தப்பட்டவை. சேகரிப்பாளர் கையில் உள்ள பிரதிகளை நம்பித்தான் அவற்றைக் கேட்க வேண்டும்.

பம்பாயின் கதை ஓரளவு மீட்கப்பட்டுவிட்டது. கிரிக்கெட் ஸ்மித் குழு 1936இல் பதிவு செய்த தாஜ்மஹால் பாட்டின் பெயரையே நரேஷ் ஃபெர்னாண்டஸ் தன் ‘தாஜ்மஹால் ஃபாக்ஸ்டிராட்’ நூலுக்கு வைத்து, 2012இல் அந்தக் காலத்துப் பதிவுகள் சிலவற்றைக் குறுந்தகட்டில் சேர்த்தே வெளியிட்டார். சென்னைக்கு அப்படியொரு நூல் எழுதப்பட வேண்டும். திரையிசைக்குள் புகுந்த ஸ்விங்கைப் பற்றிய ஒரு அத்தியாயம் அதில் கட்டாயம் இருக்கும். 1954இல் ஏவி.எம்.மின் ‘பெண்’ படத்தில் எஸ். பாலசந்தருக்காக ஜே.பி. சந்திரபாபு பாடியதைக் கேட்டால், கொழும்பில் வளர்ந்த ஒருவரின் காதில் எந்தெந்தத் தட்டுகள் சுழன்றிருக்கும் என்பது ஊகிக்கக்கூடியதே. அங்கும் அதே விதி: படத்தில் கேட்டதும் தட்டில் கேட்டதும் ஒன்றென்று எண்ணைப் பார்க்காமல் சொல்லக்கூடாது.

எண் கையில் கிடைத்தபின் போக வேண்டிய இடங்கள் சிலவே. அமெரிக்கப் பதிவென்றால் சாண்டா பார்பராவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் நடத்தும் பழம்பதிவுப் பட்டியலில் மேட்ரிக்ஸ் எண்ணை இட்டால் நாள், ஊர், வாசித்தவர் பெயர் வரை வந்துவிடும். அச்சு நூல் வேண்டுமென்றால் பிரையன் ரஸ்டின் ஜாஸ் தட்டுப் பட்டியல், மில்லருக்கென்றே ஜான் ஃப்ளவர் தொகுத்தது. இந்தியப் பதிவுக்கு மைக்கேல் கின்னியர் தொகுத்த பட்டியல்களும், 1990 முதல் மும்பையில் இயங்கும் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தின் இதழும் உதவும். சென்னைக்குள் தரமணியின் ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய பாட்டுப் புத்தகங்களும் தட்டுகளும் உண்டு. தனியார் சேகரிப்பென்றால் வி.ஏ.கே. ரங்காராவ் திரட்டிய பல்லாயிரம் 78 தட்டுகளைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. இவற்றில் எதை அணுகினாலும் கையில் இருக்க வேண்டியவை மூன்று: காகிதத்தின் தெளிவான படம், அரக்கில் படித்த எண் முன்னெழுத்தோடும் கடைசி இலக்கத்தோடும், தட்டு எந்த வீட்டிலிருந்து எப்படி வந்தது என்ற குறிப்பு. மூன்றாவதைத்தான் எல்லோரும் எழுதி வைக்க மறக்கிறார்கள். முதல் இரண்டும் தட்டு இருக்கும்வரை அதிலேயே இருக்கும். வீட்டில் பெரியவர் ஒருவர் காலமானால் மூன்றாவதைக் கேட்டறிய வழியில்லை.